பரண் ஏறிய லேப்டாப்: குற்றவாளி யார்?

பம்புசெட் சுவிட்சைப் போட்டாயிற்று. தண்ணீர் வரவில்லை.

அப்போது கொங்கு நாட்டு விவசாயி என்ன செய்கிறார்? மோட்டாரைக் கழற்றிக் காயலான் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறாரா? இல்லவே இல்லை!

முதலில் மூன்று பேஸ் கரண்டும் வருகிறதா என்று பார்க்கிறார். அடுத்து பியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பார்க்கிறார். அடுத்தது ஸ்டார்ட்டர். மோட்டார் ஓடியும் தண்ணீர் ஏறவில்லை என்றால், குழாயில் காற்றுப் பிடித்திருக்கிறதா, கிணற்றுக்குள் இருக்கும் ஃபுட்வால்வு அடைத்துக்கொண்டதா என்று ஆராய்கிறார். ஒன்றன்பின் ஒன்றாகப் போகிறார். தடை எங்கே என்று தெரிகிற வரைக்கும் விடுவதில்லை.

பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத பெரியவர்கூட இதைச் செய்கிறார்.

அதே வீட்டில், பிள்ளையின் லேப்டாப்பில் ஒரு நாள் "வைஃபை" வரவில்லை. என்ன நடக்கிறது?

இரண்டு தரம் அணைத்துப் போட்டுப் பார்க்கிறார்கள். "இதிலே லினக்ஸ் போட்டிருக்கிறது. அதனால்தான் வரவில்லை" என்று யாரோ ஒருவர் தீர்ப்புச் சொல்கிறார். லேப்டாப் துணிப்பைக்குள் போகிறது. பை பரண் மேல் ஏறுகிறது. வழக்கு முடிந்தது!

இது என்ன நியாயம்? விசாரணையே நடக்காத வழக்கில் தீர்ப்பு எங்கிருந்து வந்தது?

கொங்கு நாட்டுக்கு இந்த அவசரம் அழகல்ல. பம்புசெட்டிடம் காட்டுகிற பொறுமையில் பாதியைக் கணினியிடம் காட்டினால் போதும். பரண் மேல் கிடக்கும் பல கணினிகள் கீழே இறங்கி வந்து பிள்ளைகளுக்குப் பயன்படும். அப்படி முறையாக விசாரிக்கும்போது, உண்மையான குற்றவாளி யார் என்பதும் வெளிப்பட்டுவிடும்.

லினக்ஸ் என்பது என்ன?

கணினி என்பது ஒரு யந்திரம். திரை, விசைப்பலகை, சில்லுகள் எல்லாம் இருந்தாலும், அவற்றிடம் வேலை வாங்க ஒரு மேஸ்திரி வேண்டும். அந்த மேஸ்திரிக்கு "இயங்குதளம்" என்று பெயர்.

பெரும்பாலான வீட்டுக் கணினிகளில் மேஸ்திரியாக இருப்பது விண்டோஸ். அது அமெரிக்காவின் மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் சரக்கு. அதன் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதை வெளியார் பார்க்க முடியாது. திருத்தவும் உரிமை கிடையாது.

லினக்ஸ் வேறு ரகம். 1991-ம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் அதைப் பற்றி அறிவித்தார். பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் அவர் படித்துக்கொண்டிருந்தார். வயது 21. தாம் எழுதியதை அவர் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. உலகத்துக்குத் திறந்துவிட்டார். யாரும் படிக்கலாம்; யாரும் திருத்தலாம்; யாருக்கும் கொடுக்கலாம். பல நாட்டு வல்லுநர்கள் கைகொடுத்தார்கள். இன்று ஆண்ட்ராய்டு செல்போன்களின் அடியில் இருப்பதும் லினக்ஸ்தான்.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. மத்திய அரசின் "சி-டாக்" நிறுவனம் தன் சென்னை மையத்தில் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு "பாஸ்" என்ற இயங்குதளத்தை உருவாக்கி 2007-ல் வெளியிட்டது. தமிழிலும் பிற இந்திய மொழிகளிலும் அதை உபயோகிக்கலாம்.

2011-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி தமிழ்நாட்டில் மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் வழங்கும் திட்டம் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது.

ஆகவே, லினக்ஸ் கொங்கு நாட்டுக் கிராமங்களுக்கு எப்போதோ வந்துவிட்ட விருந்தாளி. வந்தவரிடம் பலர் பெயர்கூடக் கேட்கவில்லை, அவ்வளவுதான்!

பிரித்துப் பார்த்த மண்

கோயமுத்தூர் எப்படித் தொழில் நகரம் ஆயிற்று? 1932-ல் நீலகிரியின் பைக்காராவிலிருந்து மின்சாரம் வந்தது. மில்கள் பெருகின. அதே பத்தாண்டில் கோவையிலேயே மோட்டார் செய்யத் தொடங்கினார்கள். ஆனால் மின்சாரம் மட்டும் ஓர் ஊரை உயர்த்திவிடாது. யந்திரத்தைக் கண்டு பயப்படாத மனிதர்கள் வேண்டும்.

அதற்கு உதாரணம் ஜி.டி. நாயுடு. 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. இளம் வயதில் ஓர் ஆங்கிலேய அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். ஓட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதையே விலைக்கு வாங்கினார். வாங்கியதும் என்ன செய்தார்? பிரித்துப் போட்டார், மறுபடி பூட்டினார். அப்படித்தான் அவர் மெக்கானிக் ஆனார். பின்னால் பஸ் கம்பெனி நடத்தினார். ஷேவிங் கருவி முதல் ரேடியோ வரை பல யந்திரங்களை உருவாக்கினார்.

அந்த மோட்டார் சைக்கிளைத் திறக்கவே முடியாதபடி கம்பெனிக்காரர்கள் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பற்றவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஜி.டி. நாயுடு ஒரு மோட்டார் சைக்கிளுக்குச் சொந்தக்காரராக மட்டும் இருந்திருப்பார்!

இன்றைக்கும் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வடக்கே பல மாநிலங்களுக்குப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. நடுக்காட்டில் வண்டி நின்றால் கம்பெனிக்குக் கடிதம் எழுதிக் காத்திருப்பதில்லை. இருக்கிற ஸ்பேனரை எடுக்கிறார்கள்.

லினக்ஸ் என்பது திறந்து பார்க்கக்கூடிய யந்திரம். அதை வரவேற்க இந்த மண்ணைவிடத் தகுந்த இடம் எது?

கம்பி இல்லாமல் வருவது எப்படி?

வைஃபை ஒன்றும் மாயம் அல்ல. அதுவும் ஒரு வகை ரேடியோதான்.

வீட்டுச் சுவரில் விளக்குகள் மின்ன உட்கார்ந்திருக்கும் ரவுட்டர், ஒரு சின்ன வானொலி நிலையம். லேப்டாப்பில் உள்ள சில்லு, ஒரு ரேடியோப் பெட்டி. பழைய ரேடியோ கேட்க மட்டும் செய்யும். இது பேசவும் செய்யும். விநாடிக்கு சுமார் 240 கோடி தடவை அதிரும் அலையிலும், 500 கோடி தடவைக்கு மேல் அதிரும் அலையிலும் இந்தப் பேச்சு நடக்கிறது. அவற்றை 2.4 என்றும் 5 என்றும் சுருக்கமாகச் சொல்கிறார்கள்.

ஒரு காலத்தில் வீட்டில் ரேடியோ வைத்திருக்கத் தபாலாபீசில் லைசென்ஸ் கட்ட வேண்டியிருந்தது. பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஆனால் 2.4 அலைக்கு 2005 முதல் இந்தியாவில் லைசென்ஸ் வேண்டியதில்லை. அதனால்தான் வைஃபை வீட்டுக்கு வீடு பரவ முடிந்தது.

இந்தச் சில்லை இயக்க இரண்டு பேர் வேண்டும். முதலாவது ஆள் "டிரைவர்". நாமக்கல்லில் லாரி நிற்கிறது, டிரைவர் இல்லை, லாரி நகருமா? அது போலத்தான். மேஸ்திரிக்கும் சில்லுக்கும் நடுவில் நின்று வண்டியை ஓட்டும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர்.

இரண்டாவது ஆள் "ஃபர்ம்வேர்". கணினி எழும்போது சில்லுக்குள் போய் உட்காரும் ஒரு சின்ன மென்பொருள் அது. வண்டிக்கு டீசல் போல. டிரைவர் ஏறி உட்கார்ந்தாலும் டீசல் இல்லையென்றால் வண்டி கிளம்பாது.

ஏழு படிகள்

இனி விசாரணைக்கு வரலாம். பம்புசெட்டைப் போலவே இங்கும் வரிசை முக்கியம்.

முதல் படி, சுவிட்சு. விமானப் படம் போட்ட விசை பல லேப்டாப்களில் உண்டு. கைதவறிப் பட்டால் வைஃபை அணைந்துவிடும். சில பழைய லேப்டாப்களில் பக்கவாட்டில் ஒரு குட்டிச் சுவிட்சும் இருக்கும். லினக்ஸில் "ஆர்.எஃப். கில்" என்ற கட்டளை, பூட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று காட்டும்: மென்பொருளிலா, சுவிட்சிலா என்று பிரித்தே சொல்லும்.

இரண்டாம் படி, சில்லு கண்ணுக்குத் தெரிகிறதா? "எல்.எஸ்.பி.சி.ஐ." என்று அடித்தால், உள்ளே பூட்டியிருக்கும் சாதனங்களின் பட்டியல் வரும். யு.எஸ்.பி.யில் செருகும் சாதனத்துக்கு "எல்.எஸ்.யு.எஸ்.பி." என்று அடிக்க வேண்டும். அதில் வைஃபை சில்லின் பெயர் இருந்தால் யந்திரத்துக்கு உயிர் இருக்கிறது. அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ள வேண்டும். பாதி வைத்தியம் அந்தப் பெயரில் இருக்கிறது.

மூன்றாம் படி, டிரைவரும் ஃபர்ம்வேரும் ஏறினவா? "டிமெசெக்" என்ற கட்டளை, கணினி எழுந்ததிலிருந்து நடந்ததையெல்லாம் நாட்குறிப்புப் போல ஒப்பிக்கும். ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்றால் அந்தக் கோப்பின் பெயரையே சொல்லிப் புலம்பும். இவ்வளவு வெளிப்படையாகப் பேசும் நோயாளி டாக்டருக்குக் கிடைப்பது அபூர்வம்!

நான்காம் படி, வீட்டு ரவுட்டரின் பெயர் பட்டியலில் வருகிறதா? பக்கத்து வீட்டுப் பெயரெல்லாம் வந்து, சொந்த வீட்டுப் பெயர் மட்டும் வரவில்லையா? பழைய சில்லுகளில் பலவற்றுக்கு 2.4 அலை மட்டுமே தெரியும். ரவுட்டர் 5 அலையில் மட்டும் பேசினால் அவற்றின் காதில் விழாது. இன்னொரு காரணமும் உண்டு. 2.4 அலையில் 12, 13-வது வாய்க்கால்களை இந்தியாவில் உபயோகிக்கலாம். அமெரிக்க அமைப்பில் உள்ள கணினி அவற்றைக் கவனிப்பதில்லை. கணினியில் நாடு "இந்தியா" என்று குறித்தால் தீரும். அல்லது ரவுட்டரை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றினால் தீரும்.

ஐந்தாம் படி, கடவுச்சொல். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்க வேண்டும். கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே விடவில்லை என்றால், ரவுட்டர் "டபிள்யூ.பி.ஏ. 3" என்ற புதிய பூட்டைப் போட்டிருக்கலாம். 2018-ல் வந்த அந்தப் பூட்டு பல பழைய சில்லுகளுக்குப் புரியாது. "டபிள்யூ.பி.ஏ. 2" என்று மாற்றினால் கதவு திறக்கும். பூட்டே இல்லாமல் திறந்து போடுவது மட்டும் கூடாது.

ஆறாம் படி, முகவரி. ரவுட்டர் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு கதவிலக்கம் கொடுக்கும். அது கிடைக்கவில்லை என்றால் ரவுட்டரை ஒரு முறை அணைத்துப் போட வேண்டும். வீட்டுச் செல்போன்களிலும் நெட் வரவில்லையா? அப்படியானால் லேப்டாப்பைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கோளாறு ரவுட்டரிலோ வெளியிலோ இருக்கிறது.

ஏழாம் படி, பெயரும் கடிகாரமும். இணையதளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் "டி.என்.எஸ்." என்ற தகவல் நிலையம் படுத்துக்கொண்டால், இணைப்பு இருந்தும் ஒரு பக்கமும் திறக்காது. அது போலவே, பழைய லேப்டாப்பின் உள்ளே இருக்கும் காசு அளவு பாட்டரி தீர்ந்துவிட்டால் தேதி பல வருஷம் பின்னால் போய்விடும். தேதி தப்பாக இருந்தால், "இந்தத் தளம் நம்பத்தக்கதல்ல" என்று கணினி கதவைச் சாத்திவிடும். நெட் போய்விட்டது என்று வீட்டார் நினைப்பார்கள். போனது நெட் அல்ல, காலண்டர்!

இந்த ஏழு படிகளில் எங்கே நின்றது என்று சொல்லத் தெரிந்தாலே போதும். "வரவில்லை" என்பது அழுகை. "மூன்றாம் படியில் நிற்கிறது" என்பது அறிவு. அழுகிறவருக்கு ஆறுதல்தான் கிடைக்கும். இடத்தைச் சொல்கிறவருக்கு உதவி கிடைக்கும்.

பூட்டிய பெட்டி

மூன்றாம் படியில்தான் உண்மையான வில்லன் ஒளிந்திருக்கிறான்.

விண்டோஸுக்குச் சில்லு செய்யும் கம்பெனியே டிரைவர் எழுதிக் கொடுக்கிறது. லினக்ஸுக்கு? இன்டெல் போன்ற சில கம்பெனிகள் தாங்களே எழுதித் தருகின்றன. அந்தச் சில்லுகள் பெரும்பாலும் செருகியவுடன் வேலை செய்யும். வேறு சில கம்பெனிகள் பல வருஷம் வாயே திறக்கவில்லை. சில்லு எப்படி வேலை செய்கிறது என்ற விவரத்தையும் தரவில்லை. தன்னார்வலர்கள் இருட்டில் துழாவித் துழாவி டிரைவர் எழுதினார்கள். பிராட்காம் கம்பெனி 2010-ம் ஆண்டு செப்டம்பரில்தான் தன் புதிய வைஃபை சில்லுகளுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது.

ஃபர்ம்வேர் விஷயத்தில் இன்னொரு தொல்லை. அதன் மூலத்தைக் கம்பெனிகள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. "திறந்த மென்பொருளை மட்டுமே தருவோம்" என்ற கொள்கையால் டெபியன் என்னும் புகழ்பெற்ற லினக்ஸ் குழு, அதைத் தன் அதிகாரபூர்வமான நிறுவல் தட்டில் சேர்க்காமல் இருந்தது. விளைவு? வைஃபை வேலை செய்ய ஃபர்ம்வேர் வேண்டும். ஃபர்ம்வேரை இறக்க நெட் வேண்டும். நெட்டுக்கு வைஃபை வேண்டும்! பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

2022-ல் டெபியன் உறுப்பினர்கள் ஓட்டெடுத்தார்கள். 2023 ஜூன் மாதம் வெளிவந்த 12-வது பதிப்பிலிருந்து ஃபர்ம்வேரும் சேர்த்தே வருகிறது. கொள்கையைச் சிறிது தளர்த்தியது சரியா என்று இன்றும் வாதம் நடக்கலாம். ஆனால் கிராமத்து மாணவிக்கு வாதத்தைவிட இணைப்பு முக்கியம். அவர்கள் செய்தது சரியே.

பழைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு செல்போனை யு.எஸ்.பி. கம்பியால் லேப்டாப்போடு இணைத்து, போனின் நெட்டைக் கம்பி வழியாகக் கொடுக்கலாம். "டெதரிங்" என்று அதற்குப் பெயர். அதன் வழியாக ஃபர்ம்வேரை இறக்கிக்கொண்டால் கம்பியைப் பிடுங்கிவிடலாம். காற்றுப் பிடித்த பம்பில் குடத்துத் தண்ணீரை ஊற்றி ஓட்டுவது போலத்தான்!

திறந்த டிரைவரால் என்ன லாபம் என்பதற்கு ஒரு சான்று. ரியல்டெக் கம்பெனியின் 8723 பி.இ. என்ற சில்லில் இரண்டு ஆன்டெனாவுக்கு இடம் உண்டு. சில லேப்டாப்களில் ஒன்று மட்டும் மாட்டப்பட்டிருந்தது. டிரைவரோ, கம்பி இல்லாத காதில் கேட்டுக்கொண்டிருந்தது! ரவுட்டர் பக்கத்திலேயே இருந்தாலும் அலை மங்கலாக வந்தது. காரணம் தெரிந்ததும், எந்தப் பக்கம் கேட்க வேண்டும் என்று ஒரே வரியில் சொல்ல டிரைவரிலேயே வசதி செய்தார்கள். பெட்டி பூட்டியிருந்தால் இது நடக்குமா?

சொல்லப்போனால், திறந்த மென்பொருள் இயக்கம் பிறந்ததே இப்படி ஒரு தகராறில்தான். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்துக்கு ஜெராக்ஸ் கம்பெனியின் அச்சு யந்திரம் ஒன்று வந்தது. அடிக்கடி காகிதம் சிக்கியது. அங்கே வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், அதன் மென்பொருளின் மூலம் கிடைத்தால் ஒரு வழி செய்யலாம் என்று நினைத்தார். கேட்டார். "தர முடியாது" என்று பதில் வந்தது. அந்த மறுப்பு அவர் மனத்தில் தைத்தது. 1983-ல் "குனூ" என்ற திறந்த இயங்குதளத் திட்டத்தை அறிவித்தார். லினக்ஸும் குனூவும் சேர்ந்ததே இன்றைய கணினி லினக்ஸ்.

இப்போது என்ன அவசரம்?

அவசரம் இருக்கிறது. 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் ஓராண்டு நீட்டிப்பு. விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், அது புதிய ரகப் பிராசசரும் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும் கேட்கிறது. பழைய லேப்டாப்கள் அதற்குத் தகுதி இல்லை.

யந்திரம் நன்றாக இருக்கும். திரை நன்றாக இருக்கும். ஆனால் கம்பெனி கைகழுவிவிட்டது!

புது லேப்டாப் வாங்க பல ஆயிரம் ரூபாய் வேண்டும். திருப்பூர் பனியன் கம்பெனியிலும் ஈரோட்டு விசைத்தறியிலும் வாரக் கூலி வாங்குகிற குடும்பத்துக்கு அது லேசான காரியமா? அந்தப் பழைய லேப்டாப்பில் லினக்ஸைப் போட்டால் இன்னும் பல வருஷம் உழைக்கும். வைஃபை சில்லு ஒத்துவராவிட்டாலும், லினக்ஸுக்குப் பொருந்தும் யு.எஸ்.பி. வைஃபை குச்சி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

குறுக்கு வழி ஒன்றும் உண்டு. கடைக்குப் போனால் லினக்ஸை அழித்துவிட்டுத் திருட்டு விண்டோஸ் போட்டுத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். வைஃபை வந்துவிடும். கூடவே வைரசும் வரலாம். நேர்மையாகக் கிடைக்கும் சரக்கை எறிந்துவிட்டுத் திருட்டுச் சரக்கைக் காசு கொடுத்து வாங்குவது என்ன கெட்டிக்காரத்தனம்?

"யாருக்கு நேரம் இருக்கிறது?"

தோட்டத்துக்கும் மில்லுக்கும் ஓடுகிறவர்கள் கட்டளை அடித்துக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். எல்லாரும் இதைக் கற்க வேண்டியதில்லை. ஊரில் எல்லாருமா மோட்டாருக்குக் காயில் கட்டுகிறார்கள்? தெருவுக்கு ஒருவருக்குத் தெரிந்தால் போதும். அந்த ஒருவர், வீட்டில் படிக்கும் பிள்ளையாகவே இருக்கலாம்.

அவிநாசிப் பக்கம் ஒரு தோட்டத்து வீடு என்று வைத்துக்கொள்ளலாம்.

"ஏஞ்சாமி, இன்னும் நெட்டு வரலையா? கடையில கொண்டுபோய்ப் போட்டரலாமா?" என்கிறார் தகப்பனார்.

"வேண்டாங்கப்பா. ரவுட்டர் பேரு தெரியுதுங்க. உள்ளேதான் போக மாட்டேங்குது. பூட்டை மாத்திப் பார்க்கறேனுங்க" என்கிறாள் மகள்.

"அப்படீன்னா கரண்ட்டு இருக்குது, மோட்டாரு ஓடுது. ஃபுட்வால்வுலதான் கோளாறுங்கறே!"

"அதேதானுங்கப்பா!"

அந்த வீட்டில் லேப்டாப் பரண் ஏறாது. தகப்பனாருக்குத் தெரிந்த வித்தையும் மகளுக்குத் தெரிந்த வித்தையும் ஒன்றுதான் என்பது அங்கே விளங்கிவிட்டது.

வாளையாற்றுக்கு அப்பால்

இது நடக்கக்கூடிய காரியமா? கோவையிலிருந்து மேற்கே போய் வாளையாற்றைத் தாண்டிப் பார்த்தால் தெரியும்.

கேரள அரசு 2001-ல் பள்ளிகளில் கணினிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றியது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. 2018-ல் "லிட்டில் கைட்ஸ்" என்ற மாணவர் சங்கங்களைப் பள்ளிகளில் தொடங்கியது. அங்கே மாணவர்கள் கணினியைப் பற்றியும் மென்பொருள் பற்றியும் தாங்களே செய்து பார்த்துக் கற்கிறார்கள்.

கேரளத்தில் முடிந்தது, 1945-ல் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியும் 1951-ல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும் தோன்றிய கோவையில் ஏன் முடியாது? 2010 ஜூன் மாதம் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்ததும் இதே கோவையில்தான். கணினித் தமிழைப் பற்றி அறிஞர்கள் கூடிப் பேசிய மண்ணில், கணினிக் கோளாற்றைத் தமிழில் விளக்கிச் சொல்ல ஆள் இல்லை என்றால் அது குறை அல்லவா?

தீர்ப்பு

விசாரணை முடிந்தது. குற்றம் யார் யாருக்கு?

லினக்ஸ் முழுக்க நிரபராதி என்று சொல்ல முடியாது. அதை உருவாக்குகிறவர்கள் வல்லுநருக்கு வல்லுநர் பேசும் பாஷையில் பேசுகிறார்கள். உதவிக் குறிப்புகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. அது அவர்கள் பங்கு.

பெரிய பங்கு, சில்லைப் பூட்டி விற்கும் கம்பெனிகளுக்கு. காசு கொடுத்து வாங்கியவருக்கு அதை இயக்கும் விவரத்தை மறைப்பது நியாயமே அல்ல.

மிச்சப் பங்கு, கேள்வி கேட்காமல் வாங்குகிறவர்களுக்கு. மாடு வாங்கினால் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ஊர் இது. லேப்டாப் வாங்கும்போது, "இதில் லினக்ஸ் போட்டால் வைஃபை வேலை செய்யுமா? கடையிலேயே போட்டுக் காட்டுங்கள்" என்று கேட்பதில் என்ன தயக்கம்? யு.எஸ்.பி. குச்சியிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கலாம். கணினியில் உள்ள எதையும் அழிக்க வேண்டியதில்லை. பத்து நிமிஷ வேலை. பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் கேட்பார். பத்துக் கடைக்காரர்கள் கேட்டால் கம்பெனி கேட்கும்.

அரசாங்கம் மாணவர்களுக்காக லேப்டாப் வாங்கும்போதும், லினக்ஸில் வைஃபை முதல் நாளிலிருந்தே வேலை செய்ய வேண்டும் என்பதை டெண்டரிலேயே ஒரு நிபந்தனையாக எழுதிவிட வேண்டும். லட்சக்கணக்கில் வாங்குகிறவர் கேட்டால் மறுக்க எந்தக் கம்பெனிக்கும் துணிவு வராது.

பள்ளிக்கூடங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. மாதம் ஒரு சனிக்கிழமை, ஊரில் உள்ள பழைய லேப்டாப்களைக் கொண்டுவரச் சொல்லலாம். அருகில் உள்ள கல்லூரி மாணவர்கள் வந்து வழிகாட்டலாம். ஏழு படிகளையும் தமிழில் ஒரு தாளில் அச்சடித்துச் சுவரில் ஒட்டலாம். செலவு ஒரு தாள். லாபம் ஒரு தலைமுறை.

கோளாறு வருவது யந்திரத்தின் இயல்பு. கோளாறைத் தேடிப் பிடிப்பது மனிதனின் பெருமை. பிள்ளைகளுக்குக் கணினி கொடுத்தது போதாது. அதைத் திறந்து பார்க்கும் தைரியத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.